ஈரலிப்பு ஊரில் பழைய விமான கிட்

சின்ன வயதில் ஏர்ஃபிக்ஸ் கம்பனியின் பிளாஸ்டிக் விமானக் கிட்களை ஒட்டிக் கட்டிவிட்டு, படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று அதை மறந்துபோய், நாற்பது தாண்டியபிறகு மறுபடி ஒரு பழைய பெட்டியைத் திறப்பவர்களுக்குக் கை முதலில் பிளாஸ்டிக்குக்குத்தான் போகும். இறக்கை வளைந்திருக்கிறதா, சில்லு ஒன்று குறைகிறதா என்று தேடுவார்கள். பெட்டி திறக்கப்படுவது ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ என்றால், முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் கடுதாசியை. கிட் வார்க்கும் பொலிஸ்டைரின் ஐம்பது வருடம் ஈரத்தில் கிடந்தாலும் உக்காது. வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் ஒட்டலாம், ஒரு பாகம் இல்லையென்றால் செதுக்கியும் விடலாம். விமானத்தின் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து ஒட்டுவதற்காக வரும் டெக்கால் தாளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் பின்பக்கத்துப் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இளகி, மேலே மடிந்து கிடக்கும் செய்முறைத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் இரண்டும் கிழியும்.

மலைநாட்டில் இந்தப் பொழுதுபோக்கை நடத்துவது வானிலைதான். எந்தப் பசை, எந்த பெயின்ட் என்ற பேச்செல்லாம் அதற்கு அடுத்தது. வெளிநாட்டு வீடியோக்களில் "ஒரு இரவு காயவிடுங்கள்" என்று சொல்வது சூடுபோட்ட அறைக்கான கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில், வருடச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் இருக்கும் ஊர். அந்த ஒரு இரவு இங்கே இரண்டு மூன்று நாளாகும்.

அதனால் வேலையை மாதக் கணக்கில் பிரித்துக்கொள்வது நல்லது. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் வெட்டுவது, உராய்வது, ஒட்டுவது, புட்டி போடுவது மட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். பெயின்டும் டெக்காலும் அப்போது. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளையில் கணக்கு திரும்பும். அங்கே மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் காய்ந்த பருவம். கச்சானில் ஈரம் குறைவு, ஆனால் தூசு அதிகம். ஜன்னலைத் திறந்து வைத்துப் பெயின்ட் அடித்தால் இறக்கையில் மணல் ஒட்டும். கண்டிக்காரருக்கு இரண்டு மழையும் பங்கு வருவதால் அவர்கள் நாளைப் பார்த்துத்தான் வேலை செய்யவேண்டும்.

எந்தக் கிட்

திரும்பி வருகிறவர்கள் சின்ன வயதில் கைக்கு எட்டாத பெரிய பெட்டியை முதலில் வாங்குவார்கள். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், நானூறு மில்லிமீற்றருக்கு மேல் இறக்கை. அது பாதியில் நின்று அலுமாரி மேலே போய்விடும். முதல் கிட் 1/72 அளவில், ஒற்றை எஞ்சினோடு, ஐம்பது பாகத்துக்குள் இருக்கட்டும். 1/72 என்றால் அசலை 72 ஆல் வகுத்த அளவு. ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 12.2 மீற்றர், கிட்டில் 169 மில்லிமீற்றர். இந்தக் கணக்கைக் கையோடு வைத்திருங்கள். பழைய கிட்களில் நீளம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகியிருப்பது சாதாரணம். அதைத் திருத்தப் போகாமல் கட்டுவதுதான் என் கட்சி. பழைய கிட்டைப் புதுக் கிட்டாக்க நினைப்பவர் புதுக் கிட்டை வாங்கிவிடலாம், பணமும் மிச்சம்.

எந்தக் கம்பனியின் அச்சு என்று தெரிந்தால் என்ன வம்பு வரும் என்றும் தெரிந்துவிடும். ஏர்ஃபிக்ஸ் 1950களில் ஸ்பிட்ஃபயரோடு விமானக் கிட் தொடங்கியது. அதன் ஐம்பதுகள், அறுபதுகளின் அச்சுகளில் தகட்டுக் கோடுகள் மேலெழும்பி நிற்கும், ஆணித் தலைகள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும், விமானி அறையில் ஓர் ஆசனமும் ஒரு மனிதப் பொம்மையும் தவிர ஒன்றுமிராது. மாட்ச்பொக்ஸ் 1973 இல் வந்தது. இரண்டு மூன்று நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்ததால் பெயின்ட் இல்லாமலே கட்டலாம் என்று விற்றார்கள். கோடுகள் உள்வாங்கியவை, சில இடங்களில் மிக ஆழம். ஃப்ரொக் 1976 இல் நின்றுபோய் அதன் அச்சுகள் சோவியத் யூனியனுக்குப் போயின, நோவோ என்ற பெயரில் மறுபடி வந்தன. ஜேர்மன், ஜப்பானிய விமான அச்சுகள் மட்டும் அங்கே போகாமல் ரெவெல்லிடம் போயின. நோவோ பையில் பிளாஸ்டிக் வழவழவென்று எண்ணெய்ப் பசையோடு இருக்கும், டெக்கால் பெரும்பாலும் உதவாது. அச்சு அதே பழைய ஃப்ரொக்தான். விலை குறைவாகக் கிடைத்தால் எடுங்கள்.

நம்முடைய வானத்தோடு சம்பந்தப்பட்ட விமானங்கள் பழைய கிட்களில் தாராளமாக இருக்கின்றன. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்குவாட்ரன்களில் இரத்மலானையிலிருந்து 30 ஆவது ஸ்குவாட்ரனும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258 ஆவது ஸ்குவாட்ரனும் ஹரிக்கேனில் ஏறின. ஏப்ரல் 9 இல் திருகோணமலைக்கு 261 ஆவது. எதிரே வந்த ஜப்பானிய விமானங்கள் ஸீரோ (போர் விமானம்), 'வால்' (Val), 'கேட்' (Kate) (இவை இரண்டும் குண்டுவீச்சு விமானங்கள்). ஏப்ரல் 4 இலேயே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது கொக்கலையிலிருந்து பறந்த லெனர்ட் பேர்ச்சலின் கட்டலீனா பறக்கும் படகு. ஹரிக்கேனும் ஸீரோவும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க அழகான சோடி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம். 'வால்' இன்னும் சுலபம், அதன் சில்லுக் கால்கள் மடங்காதவை.

கட்டலீனாவில் ஒரு பொறி இருக்கிறது. ஏர்ஃபிக்ஸின் பழைய கிட் நிலத்திலும் இறங்கும் பிபிவை-5ஏ வகை. பேர்ச்சல் பறந்தது தண்ணீரில் மட்டும் இறங்கும் வகை. ஆகவே உடம்பின் இரு பக்கத்திலும் உள்ள சில்லுக் குழிகளைப் பின்னாலிருந்து 1 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தகட்டால் அடைத்து, மேலே புட்டி நிரப்பிச் சமன்செய்ய வேண்டும். மூக்குச் சில்லின் கதவுகளையும் மூடி ஒட்டவேண்டும். வேலை இரண்டு பின்னேரம், உராய்வது அதைவிட அதிகம். முதல் கிட்டாக வேண்டாம்.

இன்னொரு வழி நம் விமானப்படை. 1951 இல் ரோயல் சிலோன் விமானப்படை என்று தொடங்கியபோது முதலில் வந்தவை சிப்மங்க் பயிற்சி விமானங்கள். 1959 இல் ஜெட் புரோவொஸ்ட் வந்தது. இரண்டுக்கும் ஏர்ஃபிக்ஸின் பழைய 1/72 கிட் உண்டு. இங்கே பறந்த ஜெட் புரோவொஸ்ட் டி.51, டி.3 இன் ஏற்றுமதி வகை; கிட்டில் இருப்பதும் டி.3 தான், ஆகவே வெட்டி ஒட்டும் வேலை அதிகமில்லை. இலங்கை வட்டச் சின்னம் மட்டும் பெட்டியில் வராது. அதைப் பற்றிக் கீழே.

வாங்கும்போது விற்பவரிடம் பெட்டியின் படத்தைக் கேட்காதீர்கள். ஸ்ப்ரூவின், அதாவது பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் படம், கண்ணாடிப் பாகத்தின் படம், டெக்காலின் படம், இந்த மூன்றும் கேளுங்கள். பசையும் எனமல் பெயின்டும் தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத் தபாலில் அனுப்பமாட்டார்கள். கிட் தபாலில் வரட்டும், திரவங்களைக் கொழும்பிலோ டவுனிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவி, எண்ணி, நிமிர்த்தி

பெட்டியைத் திறந்த அன்றே டெக்கால் தாளை ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து. பிறகு மெழுகுத்தாளில் வைத்து, ஸிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, பெட்டிக்கு வெளியே வையுங்கள். செய்முறைத் தாளையும் ஃபோட்டோ எடுத்துவிட்டால் அசலைத் தொடவே தேவையில்லை. பெட்டியில் பூஞ்சை வாடை அடித்தால் உள்ளே வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று மூலைகளைப் பாருங்கள். அது டெக்கால் பசையைத் தின்னும்.

பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து வெட்டும் முன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து துளி விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். அச்சிலிருந்து கழற்ற அடித்த எண்ணெய் இன்னமும் மேலே இருக்கும். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது, மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். வடிதட்டில் வைத்துக் கழுவுங்கள். ஒரு சின்ன ஏரியல் கம்பம் சிங்க் ஓட்டைக்குள் போனால் போனதுதான்.

யாரோ பாதி கட்டி பெயின்டும் அடித்துவிட்ட கிட் மலிவாக வரும். பழைய எனமலைக் கழற்ற டெட்டோல் போதும். தண்ணீர் கலக்காத டெட்டோலில் ஒரு நாள் ஊறவைத்து, டெட்டோலிலேயே பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பெயின்ட் முழுக்கக் கழன்ற பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர். இடையில் தண்ணீர் பட்டால் இளகிய பெயின்ட் தார் போலக் கெட்டியாகி எல்லாக் கோட்டிலும் ஏறிக்கொள்ளும். கையுறை போடுங்கள். அக்ரிலிக் பெயின்ட் என்றால் பாமசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டே கழற்றிவிடும்.

வளைந்த இறக்கைக்கு மலைநாடு ஒரு சலுகை தருகிறது. பொலிஸ்டைரின் இளகுவது 100 பாகைக்குச் சற்று முன்பின்னாக. கொழும்பில் கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மெல்லிய பாகம் சுருண்டுவிடும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். கோப்பையில் ஊற்றியதும் 85க்கு இறங்கிவிடும். அதில் இறக்கையை அரை நிமிடம் பிடித்து, எடுத்து, வளைந்ததற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக மெதுவாக வளைத்து, அப்படியே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஒரேயடியாக நிமிர்த்தப் பார்க்காமல் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒட்டாத பாகத்தை மட்டும்தான் இப்படிச் செய்யலாம். ஒட்டிய இறக்கை இரண்டாகப் பிளந்துவிடும்.

ஒட்டு

பெட்டியோடு வந்த பசைக் குழாய் கல்லாகியிருக்கும், எறியுங்கள். பழைய குழாய்ப் பசை ஒரு காலத்தில் பரவாயில்லை. இப்போது மெல்லிய திரவப் பசைதான் வழி. தமியா எக்ஸ்ட்ரா தின் கிடைத்தால் அது. கிடைக்காத நாளில் ஹார்ட்வெயாரில் விற்கும் என்சி தின்னரைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தாலும் பொலிஸ்டைரின் உருகி ஒட்டும். வேகமும் கடுமையும் அதிகம், மெல்லிய பாகத்தைக் கரைத்துவிடும், ஆகவே உடம்புப் பாதிகளுக்கும் இறக்கைக்கும் மட்டும். பிவிசி குழாய்ப் பசையை இதற்குப் பாவிக்காதீர்கள். கையில் எது இருந்தாலும் குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். சாத்திய அறையில் தின்னர் வாடை ஒரு மணி நேரத்தில் தலையை இடிக்கும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறவுங்கள்.

உடம்பின் இரண்டு பாதிகளை ஒட்டுவதில்தான் கிட்டின் தலைவிதி இருக்கிறது. ஓரத்தில் துருத்தும் மெல்லிய பிளாஸ்டிக் செதிளைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் 400 ஆம் நம்பர் வோட்டர் பேப்பரை விரித்து, ஒவ்வொரு பாதியின் ஒட்டும் விளிம்பையும் எட்டுப் போல நான்கைந்து தடவை உராய்ந்தால் சமதளமாகும். அதிகம் உராய்ந்தால் உடம்பு ஒடுங்கிவிடும். பசையில்லாமல் இரண்டையும் சேர்த்து டேப் சுற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே உள்ளிருந்து தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் விமானி அறைத் தரையோ, அச்சின் தள்ளு ஊசி விட்ட மேடோ. அதைக் குறைத்த பிறகு டேப்போடு பிடித்து, தூரிகையில் திரவப் பசை தொட்டு, கோட்டின் மேல் வையுங்கள். இழுக்கத் தேவையில்லை, பசை தானே கோட்டோடு ஓடும். பத்து விநாடி பொறுத்து இரண்டு விரலால் மெதுவாக அமுக்குங்கள். உருகிய பிளாஸ்டிக் ஒரு மயிரளவு வரம்பாகப் பிதுங்கி வரவேண்டும். வந்தால் அந்த இடத்தில் புட்டியே தேவைப்படாது. இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை இப்படி. அந்த ஈர வரம்பைத் துடைக்காதீர்கள்.

இப்போது வெயிட் பண்ணுங்கள். கொழும்பில் ஒரு நாள் போதும், குளிரில் மூன்று நாள். அவசரப்பட்டு மறுநாளே வரம்பைச் சுரண்டினால் அன்றைக்குக் கோடு மறைந்துவிட்டது போலத் தெரியும். உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் அடுத்த வாரங்களில் ஆவியாகும்போது அந்த இடம் உள்வாங்கி, பெயின்ட்டுக்கு அடியில் மெல்லிய பள்ளமாகக் கோடு திரும்பி வரும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு வரும் கோடுகளில் பாதிக்குக் காரணம் இந்த அவசரம்தான்.

மூக்குச் சில்லு உள்ள விமானம், உதாரணமாக ஜெட் புரோவொஸ்ட், வால் தரையில் விழாமல் நிற்க மூக்கில் பாரம் வேண்டும். தூண்டில் ஈயக் குண்டைப் போட்டு பைண்டர் கம்மால் நிரப்புவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். பைண்டர் கம் வெளிவிடும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும், தூள் பருத்து சில வருடத்தில் மூக்கைப் பிளக்கும். சைக்கிள் கடையில் பெயாரிங் குண்டு வாங்கி எப்பொக்ஸியில் பதியுங்கள். உடம்பை மூடும் முன் சில்லுக் காலின் இடத்தில் விரலை வைத்துச் சாய்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொரு குண்டு கூடுதலாகப் போடுங்கள், பெயின்ட்டும் வாலும் சேரும்போது அது தேவைப்படும்.

இறக்கையை உடம்போடு சேர்க்கும்போது முன்னாலிருந்து பாருங்கள். இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தீப்பெட்டியோ நாணயமோ அடுக்கி முட்டுக்கொடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மேலாக டேப்பை இழுத்து ஒட்டினால் இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்து, உடம்போடு சேரும் இடைவெளியும் குறையும். மிஞ்சும் இடைவெளிக்கு அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கிப் பசையில் ஊறவைத்த கூழ் நல்லது. சின்னப் பள்ளங்களுக்கு சூப்பர் குளூவோடு பேபி பவுடர். ஒரு மணி நேரத்துக்குள் உராய்ந்துவிடுங்கள், அடுத்த நாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியிருப்பதுதான் தேயும். அப்பச்சோடா இன்னும் கெட்டி. நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கார் டிங்கர் கடைப் புட்டியில் இரண்டு கலவையாக வரும் 'பொடி' (body) ஃபில்லர் சுருங்காது. குழாயில் வரும் சிவப்புப் புட்டி சுருங்கும், தடிப்பாகப் போட்டால் பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

ஈரமான காற்றில் சூப்பர் குளூ வேகமாக இறுகும், கூடவே வெள்ளை ஆவியும் படியும். விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு அதைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், உட்பக்கம் பனி படிந்தது போலாகித் துடைக்கவும் முடியாது. மூடிக்கு பைண்டர் கம். கசிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். பழைய மூடியில் கீறல் இருந்தால் 2000 ஆம் நம்பர் பேப்பரை நனைத்து உராய்ந்து, வெள்ளைப் பற்பசையால் பஞ்சில் தேய்த்து, கார் பொலிஷ்ஷால் முடியுங்கள்.

மேலெழும்பிய தகட்டுக் கோடுகளைச் சுரண்டிவிட்டு உள்வெட்டாகப் புதிதாகக் கீறுவது பலருக்கு ஒரு மதம் மாதிரி. 1/72 இல் தேவையில்லை. ஒட்டுக் கோட்டில் உராயும்போது அழிந்தவற்றை மட்டும், ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் காட்டி மயிர் போல இழுத்த நூலைப் பசையால் படியவைத்து மீட்டால் போதும். அதே நூல்தான் ஏரியல் கம்பியும்.

பெயின்ட்

காலையில் காயப்போட்ட துணி மத்தியானத்துக்குள் காயாத நாளில் ஸ்ப்ரே எடுக்காதீர்கள். ஈரப்பதன் பார்க்கும் சின்ன டிஜிட்டல் மானி வாங்கினால் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நேரம்தான் வேலை நேரம். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாவில் பனி உறையும், ஆகவே பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. அதற்குப் பிறகு பனிமூட்டம் இறங்கிவிடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஸ்ப்ரேயிலுள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கும். காய்ந்ததும் வெளுத்த, பால் படிந்த மாதிரித் தெரியும். கறுப்பிலும் கடும் பச்சையிலும் அப்பட்டமாகத் தெரியும், வார்னிஷில் இன்னும் மோசம். வெளுத்துவிட்டால் உராயாதீர்கள். காய்ந்த ஒரு நாளில் அதே ஸ்ப்ரேயை மிக மெல்லியதாக ஒரு தடவை விட்டால் பெரும்பாலும் தெளியும்.

ஹார்ட்வெயாரின் கார் பிரைமர் டின் பாவிக்கலாம். முதல் தடவை தூறலாக மட்டும், 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து. ஈரம் மின்னும் அளவுக்கு அடித்தால் பழைய பிளாஸ்டிக் மேற்பரப்பில் நுண் வெடிப்பு விழும். உள்பக்கத்திலோ ஸ்ப்ரூவிலோ முதலில் அடித்துப் பாருங்கள். டின்னைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் துளி சீராக வரும். கொதிதண்ணீர் கிட்டவும் வேண்டாம்.

பழைய செய்முறைத் தாள்கள் ஹம்ப்ரோல் பெயின்ட் நம்பரைச் சொல்லும்: 29 மண்நிறம், 30 கடும் பச்சை, 33 மட் (மினுங்காத) கறுப்பு, 34 மட் வெள்ளை, 24 பயிற்சி விமான மஞ்சள், 11 வெள்ளி. எனமலுக்குத் தூரிகைதான் அழகு. டின்னைக் குலுக்குவதைவிட ஐந்து நிமிடம் குச்சியால் அடியிலிருந்து கலக்குங்கள், அடியில் படிந்திருப்பதுதான் நிறம். டர்பன்டைன் கலந்து பால் பதத்துக்கு இளக்கி, இரண்டு மெல்லிய பூச்சு. முதலாவது பூச்சு பார்க்கவே அசிங்கமாக, அடி தெரியத்தான் இருக்கும், அதில் கைவைக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து இரண்டாவது, முதலாவதற்குக் குறுக்காக. எனமல் காய்வதற்குக் கரைப்பான் ஆவியாவதோடு ஒக்சிஜனும் சேரவேண்டும். குளிர் இரண்டையும் தாமதமாக்கும். மினுங்கும் எனமல் என்றால் ஒரு கிழமை. விறகடுப்பு எரியும் வீட்டில் அதுவரை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். புகைக்கரியும் ஈரப் பெயின்ட்டும் ஒன்றை ஒன்று விடாது.

சிலர் அட்டைப்பெட்டிக்குள் பழைய 25 வொட் குண்டு பல்பு போட்டுக் காயவைப்பார்கள். நல்ல யோசனை, உள்ளே ஒரு வெப்பமானி இருந்தால். 40 பாகையைத் தாண்டவிடாதீர்கள், பல்பு அட்டையில் படக்கூடாது, ஆளில்லாத வீட்டில் எரியவிடவும் கூடாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1942 ஏப்ரலின் ஹரிக்கேனுக்கு வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்கவேண்டும். ஜப்பானியச் சூரியனோடு குழம்பக்கூடாது என்று இந்தப் பக்கத்துப் பிரிட்டிஷ் விமானங்களில் சிவப்பை எடுத்து நீலம், இளநீலம் ஆக்கியது 1943 இல். பல பெட்டிகளில் பிந்திய சின்னம்தான் வரும். அதை வைத்துக் கட்டுவதானால் 1942 என்று பலகையில் எழுதாதீர்கள்.

டெக்கால்

மஞ்சளித்த டெக்காலை வெளுக்க வைக்க வெயில்தான் மருந்து. தாளை ஸிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, முகம் வெளியே பார்க்க ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டுங்கள். காய்ந்த பருவத்தில் இரண்டு மூன்று கிழமை, இரவில் ஜன்னல் வியர்ப்பதால் மாலையில் கழற்றி வையுங்கள். தெளிவான படலம் வெளுக்கும், நிறங்கள் தாங்கும். சிவப்பை மட்டும் கண்காணித்துக்கொள்ளுங்கள்.

தேவையில்லாத ஓர் எழுத்தை முதலில் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். நொறுங்கினால் முழுத் தாளுக்கும் மினுங்கும் தெளிவு வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்போடு ஒட்டி வெட்டுங்கள். வார்னிஷ் எல்லாவற்றையும் ஒரே படலமாக்கியிருக்கும், வெட்டாமல் ஊறவைத்தால் மொத்தமாகக் கழன்று வரும்.

விமானத்தின் மேல் மினுங்கும் வார்னிஷ் இல்லாமல் டெக்கால் வைக்காதீர்கள். மட் பெயின்ட் சொரசொரப்பானது. படலத்துக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். தண்ணீர் 40 பாகை இளஞ்சூடாக இருக்கட்டும். நம் குழாய்த் தண்ணீர் சில்லென்றிருக்கும், பசை இளகாது. இருபது விநாடி நனைத்து, தண்ணீருக்கு வெளியே தாளில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். விரலால் தள்ளினால் வழுக்கும். வைக்கும் இடத்தில் ஒரு துளி வெள்ளை வினாகிரி தடவி, தாளிலிருந்து நேரே தள்ளி இறக்கி, நனைத்த தூரிகையால் இடத்துக்கு நகர்த்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பஞ்சு உருட்டித் தண்ணீரை எடுங்கள். மேலெழும்பிய ஆணித் தலைகளின் மேல் கூடாரம் கட்டினால் மைக்ரோ சொல் போன்ற மென்மையாக்கும் திரவம் ஒரு தொடுதல். அது படலத்தைச் சுருக்கிக் காட்டும். பதறித் தொட்டால் கிழியும், விட்டால் தானே நிமிரும்.

இலங்கைச் சின்னத்தை இன்க்ஜெட் டெக்கால் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். அந்த மை ஒளி ஊடுருவும், வெள்ளி நிற இறக்கையில் வைத்தால் நிறம் செத்துப்போகும். முதலில் வட்டவெட்டியால் மாஸ்கிங் டேப்பில் ஓட்டை வெட்டி, அதே அளவில் வெள்ளை வட்டம் பெயின்ட் செய்து, அதன் மேல் தெளிவுத் தாளில் அச்சடித்ததை வையுங்கள். டெக்கால் வெள்ளையைவிட அரை மில்லிமீற்றர் பெரிதாக இருந்தால் ஓரம் மறையும். அச்சடித்த தாள் ஒரு நாள் காய்ந்து, தெளிவு வார்னிஷ் மூன்று பூச்சு வாங்கிய பிறகுதான் தண்ணீர். இல்லையென்றால் மை கரைந்து ஓடும். நிறங்களையும் அளவையும் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஜெட் புரோவொஸ்ட்டைப் பார்த்து எடுப்பது படங்களை நம்புவதைவிட நல்லது.

டெக்கால் மேல் இறுதி மட் வார்னிஷுக்கும் அதே துணிக் கணக்குத்தான். கட்டி முடித்ததை வைக்கும் கண்ணாடி அலுமாரியை வெளிச்சுவரோடு சேர்த்து நிறுத்தாதீர்கள். மழை மாதத்தில் அந்தச் சுவர் வியர்க்கும், பூஞ்சை முதலில் மட் பெயின்ட்டில்தான் ஏறும். நாலு விரல் இடைவெளி விட்டு, கீழ்த் தட்டில் நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் ஒரு கிண்ணம். நிறம் மாறியதும் பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்தால் திரும்பப் பாவிக்கலாம். அந்தத் தாச்சியை மறுபடி சமையலுக்கு எடுக்கவேண்டாம்.